மூன்று கொதி

நவம்பர் 18

அன்புள்ள நாத்தனாருக்கு,

நானும் உன் அண்ணனும் ஒன்பது மாடும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. ஆட்கள் சௌக்கியம், மாட்டுக் கதை கீழே வருகிறது. உன் இருமல் விட்டதா? அந்த மாடி அறையில் துணியே காயாது என்றாயே, நெஞ்சு எப்படிக் காயும்? ஜன்னலைத் திறந்து வை.

பால் சங்கத்து போனில் பேசலாம் என்றுதான் போனேன். கேனோடு வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் என் பேச்சுக்கு 'உம்' கொட்டுகிறார்கள். வீட்டு விஷயத்தை ஊர்வலம் விட எனக்கு மனமில்லை, எழுதுகிறேன்.

வெள்ளம் வடிந்துவிட்டது. போகிற போக்கில் தீவனப் புல் முழுவதையும் அழுக வைத்துவிட்டுப் போயிற்று. வைக்கோல் போரைப் பிரித்தால் உள்ளே ஒரே கறுப்பு. தவிடு, பிண்ணாக்கு, மேட்டில் மிஞ்சிய புல் என்று எதையாவது போட்டு பிப்ரவரி தொடக்கம் வரை தள்ளுவேன். அதற்குப் பிறகு வெறும் தொட்டிதான்.

மாட்டுத் தரகர் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். ஒன்பதையும் ஒரே கையாக வாங்கிக்கொள்கிறாராம். உன் அண்ணன் பம்ப் ஹவுஸ் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "வித்துடலாம். எனக்குச் சம்பளம் வருது. நீ எதுக்கு விடியுமுன்ன எந்திரிச்சு சாணியில நிக்கணும்?" நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் கல்யாணமாகி வந்தபோது இந்த வீட்டில் எனக்கென்று ஒரு ஆணி கூடக் கிடையாது. ஒரு மாட்டில் தொடங்கி இந்தக் கொட்டிலை நான் உண்டாக்கினேன். அது போய்விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

ராங்கிதான் பெரிய கவலை. தாய் செத்த கன்று, பாட்டிலில் பால் புகட்டி வளர்த்தேன். இப்போது தலைச்சினை, மார்ச்சில் ஈனும். அவளைத் தரகர் வாயைப் பிளந்து பல் பார்க்கும்போது நான் கயிற்றை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

நீ தீவனக் கம்பெனி லேபில் இருக்கிறாய். ஒரு சந்தேகம். சதுப்பு முழுவதும் கோரையும் நாணலும் ஆள் உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று நிற்கின்றன. மாடு தின்னுமா? ஒரு கட்டு அறுத்துப் போட்டேன். ராங்கி மோந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். சமையல் பிடிக்காத மாமியார் தோற்றுப்போவாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

அன்புடன்,
அண்ணி


நவம்பர் 27

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் போய்விட்டது; ஜன்னலைத் திறந்தேன், இப்போது எதிர் வீட்டு ரேடியோ வருகிறது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணன் சர்க்கரை இல்லாமல் டீ குடிக்கிறாரா, இல்லை குடிப்பதாகச் சொல்கிறாரா?

அண்ணி, மாடுகளை விற்காதீர்கள். கோரையை மாடு தின்னும், ஆனால் அப்படியே தின்னாது. அதை ஊறப்போட வேண்டும். எங்கள் லேபில் இதற்கு 'ஊறுகாய்ப் புல்' என்று பேர். குழி வெட்டி, பசும்புல்லை நறுக்கிப் போட்டு, காற்றே இல்லாமல் மிதித்து மூடிவிட்டால், அது புளித்து மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

பூக்காத இளங்கோரையாக அறுங்கள். அரை நாள் வாடட்டும். விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். அடுக்கு அடுக்காகப் போட்டு, சர்க்கரை ஆலைப் பாகைத் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். கோரையில் இனிப்பு குறைவு, பாகு இல்லாவிட்டால் புளிக்காது. ஒவ்வொரு அடுக்கையும் கால் கடுக்க மிதிக்க வேண்டும். கடைசியில் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் மண், மண் மேல் பாரம். இரண்டு மாதம் திறக்கக் கூடாது.

பார்சலில் ஒரு பொடி அனுப்பியிருக்கிறேன். எங்கள் லேபில் வளர்த்த நல்ல கிருமிகள். பாலுக்கு உறை எப்படியோ குழிக்கு இது அப்படி. சுத்தமான தண்ணீரில் கரைத்துப் பாகோடு சேர்த்துத் தெளியுங்கள். சுத்தம் ரொம்ப முக்கியம் அண்ணி. பாத்திரம் சுத்தம், தண்ணீர் சுத்தம், கை சுத்தம். ஒரு துளி கெட்ட கிருமி புகுந்தாலும் குழி முழுவதும் வீணாகிவிடும்.

அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பிப்ரவரி வரை தரகரை நிறுத்தி வைக்கட்டும். பொறுப்பு என்னுடையது.

என்றும் அன்புள்ள,
நாத்தனார்


டிசம்பர் 14

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே அனைவரும் நலம், என் இடுப்பைத் தவிர. நீ நலமாக இருப்பாய். ஊரார் காலை ஒடித்துவிட்டு அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய் அல்லவா.

குழியை மூடியாயிற்று. மூன்று பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்று அறுத்தோம். அட்டை கடித்தது. எதிர்த் தோட்டத்துக்காரர் வரப்பில் நின்று, "என்னம்மா, பாய் வியாபாரமா?" என்றார். "ஆமா, உங்களுக்குத்தான் முதல் பாய்" என்றேன். நகர்ந்துவிட்டார்.

உன் அண்ணன் குழி வெட்டிக் கொடுத்தார். வெட்டி முடித்ததும் சொன்னார்: "தின்னலைன்னா இதுலயே என்னைப் புதைச்சிடு." மிதிக்கும்போது நாங்கள் நாலு பெண்களும் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு சுற்றினோம். போதும் போதும் என்று மற்றவர்கள் சொல்லியும் நான் விடவில்லை. இரண்டாம் நாள் படி ஏற முடியவில்லை.

உன் பொடியை நான் எப்படிக் கவனித்தேன் என்று கேள். சுத்தம் சுத்தம் என்று மூன்று தடவை எழுதியிருந்தாய். எனக்கா சுத்தம் சொல்லித்தர வேண்டும்? பால்காரி நான், கொதிக்காத எதையும் நம்ப மாட்டேன். பெரிய அண்டாவைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் ஊற்றி, உன் பொடியை அதிலேயே போட்டு, மூன்று கொதி விட்டு இறக்கினேன். ஒரு பூச்சி பொட்டு இருக்க வழியில்லை. ஆறியதும் பாகில் கலந்து ஒரு சொட்டு வீணாக்காமல் தெளித்தாயிற்று. இனி உன் கிருமிகள் பாடு.

தரகரிடம் பிப்ரவரி இருபது வரை அவகாசம் வாங்கியிருக்கிறார் உன் அண்ணன். அதற்குள் ஊறுகாய்ப் புல் தேறினால் மாடு எனக்கு. தேறாவிட்டால் ஒன்பதும் லாரியில் ஏறும். ஒப்புக்கொண்டேன். நீ பொறுப்பு என்று எழுதியிருந்தாயே, அதுதான் தைரியம்.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அண்ணி


டிசம்பர் 22
(இந்தக் கடிதம் தபாலில் சேரவில்லை)

அண்ணி,

கொதிக்கக் கொதிக்கவா போட்டீர்கள்? மூன்று கொதியா? அவை உயிருள்ளவை அண்ணி. பொடியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. நீங்கள் அண்டாவில் போட்ட நிமிஷமே எல்லாம் செத்துவிட்டன. குழியில் நீங்கள் தெளித்தது வெறும் பாகுத் தண்ணீர்.

தப்பு என்னுடையது. சுத்தம் என்று மூன்று முறை எழுதிய நான் சூடு கூடாது என்று ஒரு முறை எழுதவில்லை. யார் வீட்டுக்கு எழுதுகிறேன் என்று யோசித்திருக்க வேண்டும். தண்ணீரைக்கூடக் காய்ச்சி ஆற்றித்தான் கன்றுக்கு வைப்பீர்கள்.

எங்கள் லேப் தலைவரிடம் யாரோ ஒரு விவசாயி செய்ததுபோல் சொல்லிக் கேட்டேன். "கோரைன்னா கஷ்டம்தான். அந்தப் புல்லுலயே கொஞ்சம் நல்ல கிருமி இருக்கும். நல்லா மிதிச்சிருந்தா அதுவே பெருகிப் பொழச்சுக்கலாம். இல்லன்னா அழுகும். இப்பத் திறந்தா காத்து புகுந்து கண்டிப்பா கெடும்" என்றார். கெட்ட புல்லைச் சினை மாடு தின்றால் கன்று தங்காது என்றும் சொன்னார். எனக்கு ராங்கி ஞாபகம் வந்துவிட்டது.

இதை எப்படி உங்களுக்கு எழுதுவேன்? நீங்கள் வந்த புதிதில் உங்கள் பால் கேனை நான் ஒரு தடவை மோந்து பார்த்தேன், சும்மாதான் பார்த்தேன். உங்கள் சுத்தத்தைச் சந்தேகப்பட்டேன் என்று ஒரு மாதம் நீங்கள் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் மரியாதையாக விசாரித்துக்கொண்டே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டோம். இப்போது


ஜனவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். லேபில் வேலை அதிகம். உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது? முழங்கால்? அண்ணனுக்கு டீ? சேற்றில் நின்றீர்களே, காய்ச்சல் ஒன்றும் இல்லையே? மாடுகள் எல்லாம் நன்றாக அசை போடுகின்றனவா? ராங்கி எப்படி இருக்கிறாள்?

குழியை நன்றாக மூடியிருக்கிறீர்கள், சந்தோஷம். மேல்மண் எங்காவது வெடித்திருக்கிறதா? எலி வளை உண்டா? இருந்தால் உடனே ஈரமண் பூசி அடையுங்கள். குழி கொஞ்சம் அமுங்கினால் பயப்பட வேண்டாம், அது நல்லதுதான். ஓரத்தில் ஏதாவது வாடை வருகிறதா? எந்த மாதிரி வாடை என்று எழுதுங்கள். திறக்க மட்டும் வேண்டாம்.

இங்கே குளிர் பரவாயில்லை. எதிர் வீட்டு ரேடியோ பழுதாகிவிட்டது.

அன்புடன்,
நாத்தனார்


ஜனவரி 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

சௌக்கியம், சௌக்கியம், சௌக்கியம். நீ கேட்ட அத்தனை கேள்விக்கும் சேர்த்து ஒரே பதில். உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அண்ணன், "இவ என்ன டாக்டருக்குப் படிக்கிறாளா?" என்றார். என் முழங்காலை இத்தனை அக்கறையாக யாரும் கேட்டதில்லை. மாப்பிள்ளை எவனாவது பார்த்து வைத்திருக்கிறாயா, அதைச் சொல்லத்தான் என்னைத் தாஜா பண்ணுகிறாயா? இருந்தால் நேரே சொல். நான் உன் பக்கம்.

குழி அரை முழம் அமுங்கியிருக்கிறது. வெடிப்பு ஒன்று இருந்தது, பூசிவிட்டேன். தினமும் காலையில் பால் கறந்ததும் போய் அதைச் சுற்றி வருகிறேன். வாடை ஒன்றும் தெரியவில்லை. என் மூக்கில் சாணி வாடை போக வேறு எதற்கு இடம்?

பால் குறைந்துகொண்டு வருகிறது. மேட்டுப் புல் இந்த மாதமே முடிந்துவிடும். முதுகெலும்பு தெரிகிற மாட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. ஆனாலும் குழியைப் பார்த்தால் தெம்பாக இருக்கிறது. நம்முடைய ஒரு மூட்டை சொத்து மண்ணுக்குள் இருக்கிறது என்ற தெம்பு.

உடம்பைக் கவனி.

அண்ணி


ஜனவரி 29

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. மாப்பிள்ளை யாரும் இல்லை.

ஒரு வேண்டுகோள். குழியை நான் இல்லாமல் திறக்காதீர்கள். பிப்ரவரி பதினைந்து வாக்கில் லீவு கேட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் திறந்தே ஆக வேண்டும் என்றால், முதலில் மோந்து பாருங்கள். பழைய தயிர் மாதிரி புளித்த வாடை வந்தால் நல்லது. கெட்டுப்போன வெண்ணெய் மாதிரியோ அழுகல் மாதிரியோ வந்தால் ஒரு பிடிகூடப் போடாதீர்கள். முதல் நாள் வயதான மாடு ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் கொடுங்கள். ராங்கிக்குக் கடைசியில்தான், அதுவும் நான் வந்த பிறகு.

தயவுசெய்து அண்ணி.

நாத்தனார்


பிப்ரவரி 7

பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது.

நலம். எனக்குக் கடிதம் எழுதி வராது, உனக்குத் தெரியும். பம்ப் ஹவுஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணிக்குத் தெரியாது.

உன் கடைசிக் கடிதம் வந்ததிலிருந்து அவள் சரியாகப் பேசுவதில்லை. "அவ இல்லாம நான் ஒரு குழியைத் திறக்கக் கூடாதாமா? நான் மிதிச்சது, நான் மூடினது. என்னை நம்பலை, அதான்" என்றாள்.  நான் ஏதாவது சொன்னால் உன் கட்சி என்பாள்.

தொட்டியில் இன்னும் ஒரு வாரத் தவிடுதான். தரகர் நேற்றுப் பம்ப் ஹவுஸுக்கே வந்து நாள் நினைவுபடுத்திவிட்டுப் போனார். விற்றால் நிம்மதி என்று முதலில் சொன்னவன் நான்தான். இப்போது இவள் காலையில் அந்த மண்மேட்டைச் சுற்றி வருவதைப் பார்க்கிறேன். அது கெட்டிருந்தால் என்ன ஆகுமோ என்று எனக்குத்தான் பயம் வந்துவிட்டது.

உனக்கு ஏதாவது தெரிந்தால் எனக்கு எழுது.

டீயில் சர்க்கரை போடுவதில்லை. பாதி நாள்.

அண்ணன்


பிப்ரவரி 13

நாத்தனாருக்கு,

சௌக்கியம். உன் மேல் கோபமாகத்தான் இருந்தேன், அதனால்தான் பதில் போடவில்லை. இப்போது கோபத்துக்கு நேரம் இல்லை.

நேற்று திறந்துவிட்டேன். திட்டாதே. தவிடு தீர்ந்துவிட்டது, மாடுகள் வெறும் தொட்டியை நக்குகிற சத்தம் சமையலறை வரை கேட்கிறது. நீ வருகிற வரைக்கும் எதைப் போடுவது?

உன் அண்ணன் வேலைக்குப் போகாமல் நின்றார். மண்ணைத் தள்ளி, தாளை ஒரு ஓரமாகத் தூக்கினோம். மேலே ஒரு சாண் கனத்துக்குக் கறுத்துப் பூசணம் பிடித்திருந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். உன் அண்ணன் மண்வெட்டியால் அந்தக் கறுப்பை வழித்து வெளியே போட்டார். வழிக்க வழிக்கப் பழுப்பு வந்தது. அதற்குக் கீழே பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு நிறம். ஒரு பிடி எடுத்து மூக்கருகே வைத்தார், என்னிடம் நீட்டினார். புளிப்பு. நல்ல, சுத்தமான புளிப்பு. பழைய தயிர் என்று நீ எழுதியது அப்படியே. எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் அண்ணன், "அழுறியா, இல்ல புளிப்பு கண்ணுல ஏறுதா?" என்றார். அவர் கண்ணும் சரியில்லை.

நீ சொன்னபடி கிழவி மாட்டுக்குத்தான் முதலில் போட்டேன். தின்றாள். இன்று காலை வரை காத்திருந்தேன். வயிறு உப்பவில்லை, கழியவில்லை, நன்றாக அசை போட்டாள். பிறகு மற்றவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம். ராங்கிக்குப் போடக் கூடாது என்று எண்ணியிருந்தேன். அந்த மகாராணி கட்டுத்தறியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்து மாட்டின் தொட்டியில் முகத்தைப் புதைத்துவிட்டாள். நான் இழுக்க இழுக்க வரவில்லை. தின்று முடித்து மூக்கை நக்கிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில், இதை இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்ற கேள்வி இருந்தது.

இன்று தரகர் வந்தார். உன் அண்ணனே வாசலில் போய், "டீ சாப்பிட்டுப் போங்க. மாடு இல்ல" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

நீ வருகிறாயா?

அண்ணி


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை லேப் வாசல் படியில் நின்று பிரித்தேன். படித்து முடித்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "வீட்டுல ஏதாவது துக்கமா?" என்று கேட்டார். "இல்ல, மாடு புல்லு தின்னுடுச்சு" என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, தெரியவில்லை. அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டேன் அண்ணி.

லீவு கிடைக்கவில்லை, கம்பெனியில் சோதனை அதிகாரிகள் வந்துவிட்டார்கள். ஒரு டப்பாவில் கொஞ்சம் ஊறுகாய்ப் புல்லை அடைத்து பஸ்ஸில் கொடுத்து அனுப்பினீர்களே, சோதித்தேன். ஒன்றும் கெடுதல் இல்லை. புளிப்பும் சரியாக ஏறியிருக்கிறது. ராங்கிக்குத் தாராளமாகப் போடலாம்.

பார்சலில் இரண்டு பொடி வருகிறது. வெள்ளைப் பொட்டலம் மாட்டுக்கு. புதுத் தீவனத்துக்கு வயிறு பழகும் வரை தினம் ஒரு ஸ்பூன், கொஞ்சம் தவிடு வாங்கி அதில் உலர்வாகவே கலந்து கொடுங்கள். தண்ணீர் வேண்டாம். பச்சைப் பொட்டலம் அடுத்த குழிக்கு. அதன் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார்


மார்ச் 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

முதலில் நல்ல செய்தி. ராங்கி ஈன்றுவிட்டாள். கிடேரிக் கன்று. விழுந்து கொஞ்ச நேரத்தில் நாலு காலையும் நாலு பக்கம் ஊன்றி எழுந்துவிட்டது. தாயும் மகளும் சுகம். சீம்பால் தாராளம். உன் அண்ணன் பம்ப் ஹவுஸுக்குப் போகிற வழியில் எல்லாரையும் நிறுத்திச் சொல்லியிருக்கிறார், அவரே பெற்ற மாதிரி.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன்.

பச்சைப் பொட்டலத்தைப் பிரித்தேன். மேலே அச்சில், 'சாதாரணத் தண்ணீரில் கரைக்கவும்' என்று இருக்கிறது. அதற்குக் கீழே சிவப்பு மையில், கையால், 'கொதிநீர் கூடாது. வெந்நீர் கூடாது. இளஞ்சூடும் வேண்டாம்.' கீழே மூன்று கோடு. கம்பெனிக்காரன் எந்த ஊரில் இப்படிக் கோடு போடுகிறான்? அது உன் கையெழுத்து.

வெள்ளைப் பொட்டலத்துக்குத் தண்ணீரே வேண்டாம் என்று எழுதியபோதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே அடுப்பைப் பார்த்தேன். அண்டா அங்கேதான் இருக்கிறது. உறைமோரைக் கொதிக்கிற பாலில் விட்டால் தயிர் ஆகாது என்று தெரிந்தவள்தானே நான்? உறை மாதிரி என்று நீ எழுதியிருந்தும் எனக்கு உறைக்கவில்லை. மூன்று கொதி விட்டு உன் கிருமிகளைச் சாகடித்துவிட்டு, உனக்கே பெருமையாக எழுதியிருக்கிறேன்.

உன் அண்ணனிடம் சொன்னேன். "அதான் அவ உன் முழங்காலை அப்படி விசாரிச்சாளா?" என்று கேட்டுவிட்டு, வரப்பில் உட்கார்ந்து சிரித்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன். பிறகு தனியாக உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை.

டிசம்பரிலிருந்து நீ இதை வயிற்றில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். அங்கே தனியாக, சரியாகச் சாப்பிடாமல். இங்கே நான் உனக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டும், என்னை நம்பவில்லை என்று முறைத்துக்கொண்டும் இருந்திருக்கிறேன். ஏன் சொல்லவில்லை? நான் கோபித்துக்கொள்வேன் என்றா? ஆமாம், கோபித்திருப்பேன். கேனை மோந்து பார்த்ததற்கே ஒரு மாதம் பேசாதவள் நான். அப்போது புதுசு, இந்த வீட்டில் யார் என்ன சொல்வார்களோ என்று பயம். அந்தப் பயத்தை நீ இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாயே.

உன் அம்மா இருந்திருந்தால் என்னை நிற்க வைத்துத் திட்டியிருப்பார். என் அம்மாவும் அப்படித்தான். நீ மட்டும் சௌக்கியமா, இடுப்பு எப்படி, முழங்கால் எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். வேற்றாளிடம்தான் அப்படிப் பேசுவார்கள்.

அடுத்த கடிதத்தில் என்னைத் திட்டு. ஒழுங்காகத் திட்டு. அது வந்த பிறகுதான் அடுத்த குழி.

அண்ணி


மார்ச் 17

அண்ணி,

கொதிக்கக் கொதிக்கவா போட்டீர்கள்? அதுவும் மூன்று கொதி? ஒரு கொதியில் சாகாத ஜென்மம் ஏதாவது தப்பித்துவிடப் போகிறது என்றா இன்னும் இரண்டு கொதி? ஒரு குடம் தண்ணீரை மொண்டு கரைத்துத் தெளிக்கிற வேலை. அதற்கு அண்டா, அடுப்பு, விறகு. உங்களைப் போல ஒரு ஆளிடம் உயிருள்ள எதையும் பார்சலில் அனுப்பக் கூடாது.

உங்கள் ஒருத்தியால் நான் இரண்டு மாதம் ரொட்டியும் தண்ணீருமாக இருந்தேன். லேப் தலைவரிடம் 'ஒரு விவசாயி, ஒரு விவசாயி' என்று எத்தனை தடவை கேட்டேனோ, அவர் கடைசியில், "அந்த விவசாயி உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டார். திறக்காதீர்கள் என்று கெஞ்சி எழுதினால், அதற்கு ஒரு கோபம், அதற்கு ஒரு மௌனம், அண்ணன் பம்ப் ஹவுஸில் ஒளிந்து கடிதம் எழுதுகிற நிலைமை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள உங்களை மிஞ்ச ஆள் கிடையாது, ராங்கிக்கு அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா?

குழி தப்பித்ததற்கு உங்கள் கால்தான் காரணம். மற்றவர்கள் போதும் என்றபோதும் விடாமல் மிதித்தீர்களே, காற்று புக இடமில்லாமல் போய், கோரையில் ஒட்டியிருந்த கொஞ்சநஞ்ச நல்ல கிருமியே பெருகிவிட்டது. அதற்காகத் தலைக்கனம் வேண்டாம். பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம். அடுத்த முறை அதிர்ஷ்டம் வராது, நான்தான் வருவேன். ஏப்ரலில் லீவு கிடைத்துவிட்டது. அண்டாவை நான் வருவதற்குள் பரண் மேல் ஏற்றிவிடுங்கள். நான் வந்ததும் முதல் வேலையாக உங்கள் பால் கேன் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் மோந்து பார்க்கப்போகிறேன்.

உங்கள் முழங்காலைப் பற்றி நான் விசாரிக்கவே போவதில்லை.

நாத்தனார்